இரண்டு தட்டு

பஸ்ஸுக்கு முன்னால் எட்டடி இடம் இருக்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது இல்லாத இடம். மூன்றடிக் குழந்தை ஒன்று அங்கே போய்க் குனிந்து நின்றால் தலைமுடி கூடத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். அந்த எட்டடியை நினைக்காமல் ஒருநாளும் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததில்லை. என் பெயர் சென்னியப்பன், திருச்செங்கோட்டுப் பக்கம், ஏழாம் நம்பர் வண்டி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரி சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த எட்டடிக்குக் காவல் பாவாயி. வண்டியில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற ஆயா. பதினைந்து வருடமாக என்னோடு வருகிறாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் அவள் இறங்குவாள். குழந்தையை இறக்கி, கூட்டிப்போக வந்தவர் கையில் பிடித்துக் கொடுப்பாள். பிறகு வண்டிக்கு முன்னால் ஒரு நடை நடந்து, திரும்பி வந்து, வண்டி வாசலுக்குப் பக்கத்துத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. அந்த இரண்டாவது தட்டு என் முதுகில் விழுவது போலிருக்கும். என் கால் தானாக எழும். எனக்கும் அவளுக்கும் நடுவில் வேறு பேச்சே வேண்டியதில்லை.

டீசல் வண்டி இருந்தவரை ஒரு தைரியம் இருந்தது. அது உறுமினால் நாயே ஒதுங்கும். பேட்டரி பஸ் வந்தபிறகு அந்த உறுமலும் போயிற்று. நிற்கிறதா, நகர்கிறதா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. ஊரில் பாதிக் கார்கள் ஆளில்லாமல் ஓடுகிற காலம் இது. பள்ளி பஸ்ஸுக்கு மட்டும் டிரைவர் கட்டாயம் வேண்டும் என்று சட்டம் இருப்பதால் என் பிழைப்பு ஓடுகிறது.

போன வருடம் ஆடி மாதத்தில் எங்கள் பள்ளி வண்டிகளில் முன்கண் என்ற கருவியைப் பொருத்தினார்கள். என் வண்டிக்குப் பொருத்த வந்தது மதுவந்தி என்ற பெண். இருபத்தேழு வயது இருக்கும். சோறு தண்ணியில்லாமல் இரண்டு நாள் வண்டிக்கு அடியிலும் மேலேயும் கிடந்தாள். வண்டியைச் சுற்றிப் பதினாறு காமிரா, என் தலைக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி, முன்கண்ணாடி முழுக்க ஏதோ மெல்லிய படலம்.

"அம்மிணி, இது என்ன பண்ணும்? அதச் சொல்லு மொதல்ல" என்றேன்.

"ஒவ்வொரு குழந்தையும் இன்னும் ஆறு நொடியில எங்க இருக்கும்னு காட்டும்ணா."

"ஜோசியமா?"

"ஜோசியம் இல்லண்ணா, கணக்கு. குழந்தை ஓடறதுக்கு முன்னாடி தோள் திரும்பும், குதிகால் எழும்பும், கண்ணு எங்கயோ போகும். நம்ம பாக்கறதுக்குள்ள அது முடிஞ்சிரும். இது பாத்துரும். இந்த நிறுத்தத்துல, இந்த வெயில்ல, இத்தன மணிக்கு இதுக்கு முன்னாடி என்னென்ன நடந்துச்சுன்னும் வெச்சிருக்கும். எல்லாத்தையும் கூட்டிப் பாத்து ஒரு நிழல் போடும். நிச்சயமா போற இடம்னா நல்ல நீலமா இருக்கும், சந்தேகம்னா வெளிறிப் போயிருக்கும்."

நான் நம்பவில்லை. டிரைவர் வேலையில் இருப்பவன் எவன் சொன்னாலும் நம்பமாட்டான், அது தொழில் குணம்.

மறுநாள் காலை முதல் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வண்டி நின்றதும் கண்ணாடியில் நீல நிழல்கள் எழுந்து பிள்ளைகளை விட்டுவிட்டு முன்னால் நடந்து வந்தன. ஒன்று படியருகே நின்றது. ஒன்று பாதி வழியில் குனிந்தது. அந்தக் குனிந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நடந்து வந்தது, அதே இடத்தில் நின்றது, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தது, சட்டைக்குள் கை நுழைவதுபோல அந்த நீலத்துக்குள் அப்படியே பொருந்திவிட்டது. அட சாமீ! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிள்ளைக்கே தெரியாதது கண்ணாடிக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் போன்ற ஒன்பதாவது பெயிலுக்கு இதையெல்லாம் பார்க்கிற கொடுப்பினையா என்று கண்ணில் நீர் வந்துவிட்டது. பாவாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி கண்ணுங்ணா இது" என்றாள்.

ஆனால் அந்தக் கண்ணோடு தினமும் உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மூன்றாம் நாள் ஒரு வெளிறிய நிழல் என் முன்சக்கரத்துக்கு அடியில் போயிற்று. நான் பிரேக்கை ஏறி மிதித்தேன். பையன் அங்கே போகவில்லை. பந்தை வேறு பக்கம் உதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். போகாவிட்டால் என்ன? போகக்கூடும் என்று பார்த்துவிட்டேனே. அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அப்படி வாரத்துக்கு மூன்று நான்கு. இத்தனை வருடம் இத்தனை பேர் என் சக்கரத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டுவேன். நாலாம் நம்பர் வண்டி ராசிபுரத்துக்காரர் இரண்டாவது வாரமே, "என்னால பாக்க முடியாதுப்பா" என்று வேலையை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

இனிமேல்தான் கதை.

வெள்ளக்கல்மேட்டில் ஒரு தறிப்பட்டறை. அதை ஒட்டித்தான் எங்கள் நிறுத்தம். பட்டறைக்காரர் மகள் நேத்ரா, யு.கே.ஜி. அவளுக்குத் தம்பி ஒருவன், இரண்டரை வயது, தன்விக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யார் வாயிலும் நுழையாததால் குட்டான். நூல் சுற்றிவருகிற காலிக் கோனைத் தொப்பியாகத் தலையில் மாட்டிக்கொண்டு திரிவான். அக்கா பஸ் ஏறுவதைப் பார்க்க அவனுக்கு உயிர். ஆனால் அம்மா அவனைப் பட்டறைக்குள்ளேயே விட்டுத் தாழ்போட்டுவிட்டு வருவாள்.

புரட்டாசியில் ஒரு காலை. நேத்ரா ஏறிவிட்டாள். அவள் அம்மா கையாட்டிக்கொண்டு நின்றாள். பாவாயி முன்னால் ஒரு நடை நடந்துவிட்டு வந்து தட்டக் கையை ஓங்கினாள். அப்போது கண்ணாடியில், எனக்கு நேர் எதிரே, அந்த எட்டடிக்குள் ஒரு சின்ன நீலம் எழுந்தது. நல்ல அழுத்தமான நீலம். ஆனால் அந்த நிழலுக்குச் சொந்தமாக ஒரு பிள்ளையும் ரோட்டில் இல்லை.

"பாவாயி! முன்னால யாரோ இருக்காங்க பாரு!" என்று கத்தினேன்.

அவள் ஓடிவந்தாள். "யாருமில்லீங்ணா!" என்று சொல்லி வாய் மூடவில்லை, பட்டறைச் சுவருக்குப் பின்னாலிருந்து கோன் தொப்பியோடு குட்டான் ஓடிவந்து அவள் முழங்காலில் மோதினான். தாழைத் திறக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அவன் நின்ற இடம் நிழல் நின்ற இடம். இம்மி பிசகவில்லை.

சாயங்காலம் மதுவந்தி வந்தாள். பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, சுவருக்குப் பின்னாடி பாக்க இதுக்கு வழியே இல்ல. அந்தக் குட்டிப் பையன எந்தக் காமிராவும் பாக்கல."

"பொறவு எப்படிக் காட்டுச்சு?"

"தெரியலண்ணா. சத்தியமா தெரியல. நாங்க பண்ணுனதுதான், எங்களுக்கே தெரியல" என்றாள். படித்த பெண் அப்படிச் சொல்லக் கேட்டது எனக்கு அந்த நிழலை விடவும் ஆச்சரியமாக இருந்தது.

செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. சுவரைத் துளைத்துப் பார்க்கிற பஸ். தாளாளர் பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்து அரைமணி நேரம் பேசினார். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"சென்னியப்பா, மெஷினு இவ்வளவு பாக்குதே, இனி ஆயா எதுக்கு? திங்கக்கெழம உன்ற வண்டில ஆயா இல்லாம ஓட்டிப் பாக்கறோம். சரியா வந்துச்சுன்னா எல்லா வண்டிலயும் அப்படித்தான்."

"அய்யா, அது வந்துங்..."

"என்ன வந்து போயி? கதவு தானா மூடுது. நிழலு தெரியுது. உனக்கென்னப்பா கஷ்டம்?"

கண்ணுக்கு முன்னால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? நானே அல்லவா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்! என் நீள வாயை அன்றைக்குத்தான் நொந்துகொண்டேன்.

பாவாயி அழவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "சாமியே வந்து ஒக்காந்துருச்சு. இனி நா எதுக்குங்ணா?" என்றாள். திங்கட்கிழமை காலை நான் வண்டி எடுக்கும்போது ஷெட் வாசலில் நின்றிருந்தாள். வேலை இல்லாதவள் விடிந்ததும் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"தறிப்பட்டறகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்துங்ணா" என்றாள்.

"ஏன், என்ன?"

"என்னமோ. சொல்லத் தெரியலீங்" என்றாள்.

அன்று முன்சீட்டில் மதுவந்தி மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். முதல் நிறுத்தத்திலிருந்தே ஏதோ சரியில்லை. நிழல்கள் குறைவாகத் தெரிந்தன, தெரிந்தவையும் வெளிறிக் கிடந்தன. காலை வெயில் கண்ணாடியில் அடிக்கிறது, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கதவு மூடினால் ஒரு மணி அடிக்கும். அது அடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தேன். ஐந்து நிறுத்தம் அப்படியே போயிற்று. ஒவ்வொன்றிலும் என் முதுகு எதற்கோ காத்திருந்து ஏமாந்தது.

வெள்ளக்கல்மேடு. நேத்ரா ஏறினாள். அம்மா கையாட்டினாள். பட்டறைக்கு வந்திறங்கிய நூல் மூட்டைகள் ரோட்டோரம், பஸ்ஸை ஒட்டினாற்போல் அடுக்கியிருந்தன. மணி அடித்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. ஒரு நிழல் இல்லை.

"கிளியர்ணா, எடுங்க" என்றாள் மதுவந்தி.

கால் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஏதோ உள்ளுணர்வு சொன்னது என்று பீற்றிக்கொள்ளவும் மாட்டேன். பாவாயி காலையில் சொன்னது கூட அப்போது நினைவில் இல்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணா?"

"தட்டு விழல அம்மிணி."

பின்னால் ஒரு பால் வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மதுவந்தியும் சிரித்துவிட்டாள். "நான் தட்டட்டுமா?" என்று உள்ளேயிருந்தே பக்கத்தகட்டில் இரண்டு தட்டு தட்டினாள்.

"உள்ள இருந்து தட்டுனா ஆவாது" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் இதென்ன கிறுக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். பால் வண்டிக்காரன் வாய்க்கு வந்ததைப் பேசினான். நானும் அவனுக்கு ஒன்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கை பிரேக்கைப் போட்டுவிட்டு, கீழே இறங்கினேன். என் வண்டியை நானே தட்டிவிட்டு வந்து ஏறி ஓட்டலாம் என்றுதான். வேறு எதற்குமில்லை.

பாவாயி நடப்பதுபோலவே முன்பக்கமாகச் சுற்றி வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் கையை ஓங்கினேன். ஓங்கியபோது கீழே பார்வை போயிற்று. முன்சக்கரத்துக்குப் பின்னால், வண்டிக்கு அடியில், ஒரு சின்னப் பாதம்.

குட்டான் குப்புறப் படுத்திருந்தான். உருண்டுபோன கோனை எடுக்க, மூட்டைகளுக்குப் பின்னால் தவழ்ந்தே வந்திருக்கிறான். பதினாறு காமிராவும் வெளியே பார்க்கின்றன, அடியில் பார்க்க ஒன்றும் இல்லை. அவன் என்னைப் பார்த்து, "பஸ்சு" என்று சொல்லிச் சிரித்தான்.

இழுத்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பால் வண்டிக்காரன் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தான். மதுவந்தி படியில் நின்றபடி என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே பாவாயியை வரச்சொல்லிவிட்டார்கள். பெற்றோர்கள் விடவில்லை.

ஆனால் மதுவந்தி விடுவதாக இல்லை. அன்றைக்கு ஏன் நிழல் வரவில்லை? பதிவுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். இருபது நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்கு வந்தாள். பாவாயி வீட்டுக்குப் போயிருந்தாள். கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். திரையில் பாவாயியின் கை மட்டும். வளையலோடு எழுகிறது, தட்டுகிறது, தட்டுகிறது.

"இது ஒரு சாதாரண நாள்ணா. இப்ப இதப் பாருங்க, அந்தப் பையன் சுவருக்குப் பின்னால இருந்து ஓடிவந்த நாள்."

கை எழுந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெதுவாக ஓட்டிக் காட்டினாள். ஓங்கிய கை, காற்றில், ஒரு நொடிக்கும் குறைவாக, இமைக்கிற நேரத்தில் பாதி, நின்றது. அதே கணத்தில் கண்ணாடியில் நிழல் விழுந்தது.

"மெஷின் பையனப் பாக்கல" என்றாள். "பாவாயி அக்கா கையப் பாத்துச்சு."

இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

"கை எப்பெல்லாம் இப்படித் தயங்குதோ, அடுத்த ஆறு நொடிக்குள்ள ஏதோ நடந்திருக்கு. ஒரு பாட்டில் உருளும், ஒரு குழந்தை திரும்பி ஓடும். பத்துக்கு ஒம்பது தடவை. இத நாங்க சொல்லிக் குடுக்கலண்ணா, அதுவா கண்டுபிடிச்சுக்கிச்சு. எந்த நிறுத்தத்துல எங்க நிழல் போடணும்னு பழசையெல்லாம் வெச்சுப் போட்டுச்சு. கண்ணாடில நீங்க பாத்த நிழல்ல பாதி அக்காவோடது."

"அவளுக்கு எப்படித் தெரியும்? அவதான் யாருமில்லீங்ணான்னு சொன்னாளே?"

"அவங்களுக்குத் தெரியாதுண்ணா. பதினஞ்சு வருசமா எத்தன ஆயிரம் தடவ எறங்கியிருப்பாங்க? பையனோட அம்மா கண்ணு ஒரு தடவ பட்டறப் பக்கம் போயிருக்கும். தாழ்ப்பாள் சத்தம் தறிச் சத்தத்துக்குள்ள லேசா கேட்டிருக்கும். மனசுக்கு எட்டல, கைக்கு எட்டியிருக்கு. அந்தக் கைக்குள்ள என்ன இருக்குன்னு எங்க பெட்டிக்கும் தெரியாது. தயங்குச்சுன்னா நம்பணும்னு மட்டும் அதுக்குத் தெரியும்."

ஷெட்டுக்கு வெளியே வெயிலில் என் வண்டி நின்றிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் தேய்ந்து வெளுத்திருக்கும். பதினைந்து வருடமாக எந்த வண்டி மாறினாலும் அந்த இடம் தேய்ந்துவிடும். அதைப் பார்த்தபோது கோயில் கருவறை முன்னால் நிற்பது போல எனக்கு இருந்தது.

"இப்பவே போயி அவகிட்டச் சொல்றேன்" என்று எழுந்தேன்.

மதுவந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாண்ணா. சொல்லக்கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா அந்தக் கை யோசிக்க ஆரம்பிச்சிரும். நாம தயங்கறமான்னு பாத்துக்கிட்டே தட்டுவாங்க. அப்பறம் அது வெறும் கை. பஸ்ல அறுவது குழந்தை இருக்குண்ணா."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அப்ப அவளுக்குச் சேர வேண்டிய பேரு? அந்தப் பொட்டிக்கு ஊரே மால போடுது. அவ தன்னய ஒண்ணுக்கும் ஆவாதவன்னு நெனச்சுட்டு இருக்கறா. அது ஞாயமா அம்மிணி?"

"ஞாயம் இல்லண்ணா" என்றாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லா வண்டிலயும் ஆயா கட்டாயம் இருக்கணும்னு எழுதிக் குடுத்துட்டேன். காரணத்த மட்டும் எழுதல."

அதனால்தான் இன்று எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளி பஸ்ஸிலும் ஆயா இல்லாமல் வண்டி எடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் விதி என்பார்கள். இந்தக் கதையில் வேறு பெயர் போட்டிருக்கிறேன், ஊரையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பாவாயி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், இது அவள் கைக்குப் போகாது. உங்களில் யாருக்காவது அவளைத் தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இந்த வருடம் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தோம். பாவாயி புதுச்சேலையில் வந்தாள். கறுப்புப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு முழம் கதம்பமும் தொங்கவிட்டாள். என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று சூடம் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்றேன்.

"அது நல்லா இருக்கோணும்னுதானுங். நா தட்டறதெல்லாம் சும்மாங்ணா, அதுதான பாத்துக்குது" என்றாள்.

அவள் கையைப் பார்த்தேன். சூடத்தட்டைப் பிடித்திருந்த கை. உள்ளங்கையில் காய்ப்பு. என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்துப் பதறிவிட்டாள். "ஐயோ, என்னங்ணா, என்னயப் போயி கும்புடறீங்க!"

"உன்னய எவன் கும்பிட்டான்? பின்னால இருக்கற பொட்டிய அல்லோ கும்புடறேன்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சிரித்தாள். பிறகு, நான் சாமியை நன்றாகப் பார்த்துக் கும்பிடட்டும் என்று, ஒரு அடி நகர்ந்து நின்று எனக்கு வழிவிட்டாள்.